சொந்தக்காரர் இல்லாததால் பிழைத்த படம்

1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு படம் பார்க்கப் போனவர்களிடம் நுழைவுச்சீட்டோடு ஒரு வினாத்தாளும் நீட்டப்பட்டது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் குறிக்க வேண்டும். இந்தப் படத்தைத் தாங்கும் அளவுக்கு உங்கள் மனம் திடமாக இருக்கிறதா என்று கண்டறியும் ‘மருத்துவச் சோதனை’யாம் அது. படத்தின் பெயர் ‘டிமென்ஷியா 13’. இயக்குநருக்கு வயது 24. பெயர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. ஒன்பது ஆண்டுகள் கழித்து ‘தி காட்ஃபாதர்’ எடுத்தாரே, அவரேதான்.

சோதனையில் தோற்று யாராவது வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. காசு கொடுத்து வந்தவரைத் திருப்பி அனுப்ப எந்தக் கொட்டகைக்காரருக்கு மனம் வரும்?

இந்தக் கூத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’. 1960இல் வந்த அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில், தமது தொலைக்காட்சித் தொடரின் குழுவை வைத்தே, சுமார் 8 லட்சம் அமெரிக்க டாலரில் முடித்தார் அவர். படம் தொடங்கிய பிறகு வருபவர்களை உள்ளே விடக்கூடாது என்று கொட்டகைகளுக்குக் கட்டளை. கூட்டம் அள்ளியது. அதைப் பார்த்த சிறு தயாரிப்பாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். வண்ணம் வேண்டாம், பெரிய நட்சத்திரம் வேண்டாம், அரண்மனை போன்ற அரங்கமும் வேண்டாம். குழம்பிய மனம் ஒன்றும் ஒதுக்குப்புறமான வீடு ஒன்றும் போதும்.

அடுத்த சில ஆண்டுகளில் இந்த வகைப் படங்கள் ஈசல் போலப் புறப்பட்டன. வில்லியம் காசில் என்பவர் 1961இல் ‘ஹோமிசைடல்’ படத்தின் உச்சக்கட்டத்துக்குச் சற்றுமுன் திரையில் ஒரு கடிகாரத்தைக் காட்டி 45 விநாடி அவகாசம் கொடுத்தார். பயந்தவர்கள் எழுந்து போய்க் காசைத் திரும்பப் பெறலாம். ஆனால் ‘கோழைகளின் மூலை’ என்று எழுதிய இடத்தில் எல்லாரும் பார்க்க நிற்க வேண்டும். காதலியை அழைத்து வந்த எந்த இளைஞன் எழுந்து போவான்?

இவற்றை ‘எக்ஸ்ப்ளாய்டேஷன்’ படங்கள் என்பார்கள். அகராதி அதற்குச் ‘சுரண்டல்’ என்று பொருள் சொல்லும். படத்தொழிலில் அந்தச் சொல் முதலில் விளம்பர உத்தியைத்தான் குறித்தது. பெரிய நிறுவனங்கள் நட்சத்திரத்தை விற்றன. இவர்கள் ஆவலை விற்றார்கள். காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் திரையரங்குகளில் ஒரு கட்டணத்துக்கு இரண்டு படம். அந்த இரண்டாவது படத்துக்கான தீனி இவைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தில் எட்டு குப்பை. மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றாலே கத்தியோடு அலைபவர் என்ற எண்ணத்தைப் பரப்பியதில் இந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு. பெண்களை இரையாக மட்டும் காட்டிய படங்களும் ஏராளம். அவற்றைத் தூக்கிப் பிடிப்பது என் நோக்கமில்லை. மிஞ்சும் இரண்டில் ஒன்று என்னைப் பல மாதங்களாக விடாமல் பிடித்திருக்கிறது. ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’, 1962.

பாலத்திலிருந்து விழுந்த கார்

கதை சிறியது. மூன்று பெண்கள் செல்லும் கார், இளைஞர்கள் சிலரின் காரோடு போட்டியிட்டு ஓடும்போது பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. சில மணி நேரம் கழித்து மேரி ஹென்றி என்ற ஒரு பெண் மட்டும் சேறும் சகதியுமாகக் கரையேறுகிறாள். எப்படித் தப்பினாள் என்று அவளுக்கே நினைவில்லை. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள் அவள். யூட்டா மாநிலத்தில் கிடைத்திருக்கும் வேலைக்காகத் தனியே காரோட்டிப் போகிறாள். இரவு நேரம். கார்க் கண்ணாடியில் தன் முகம் தெரிய வேண்டிய இடத்தில் வெளிறிய ஆண் முகம் ஒன்று தெரிகிறது.

அதற்குப் பிறகு வரும் காட்சி ஒன்றை என்னால் மறக்கவே முடியவில்லை. துணிக்கடை. மேரி உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வருகிறாள். திடீரென்று உலகத்தின் ஓசை முழுவதும் நின்றுவிடுகிறது. விற்பனைப் பெண்ணிடம் பேசுகிறாள். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவில் நடக்கிறாள், அவளை யாரும் காணவில்லை, கேட்கவும் இல்லை. பூங்காவில் ஒரு பறவையின் குரல் கேட்ட பிறகுதான் உலகம் திரும்பி வருகிறது.

பேய்ப்படம் என்று சொல்லித்தான் இதை விற்றார்கள். எனக்கோ அதில் பயத்தைவிடத் தனிமைதான் பெரிதாகப் பட்டது. மருத்துவர் அவளுக்கு மன விளக்கம் சொல்கிறார். எதிர் அறைக்காரன் அவளை வளைத்துப்போடப் பார்க்கிறான். பாதிரியார் அவளை வேலையைவிட்டு நீக்குகிறார். நீ சொல்வது என்ன என்று யாரும் உட்கார்ந்து கேட்பதே இல்லை. வேலைக்காகத் தெரியாத ஊருக்குப் போய், வாடகை அறையில் தங்கி, மின்தூக்கியில் ஒருவரும் முகம் பார்க்காமல் ஒரு வாரத்தை ஓட்டியவர்களுக்கு இந்தப் படம் வேறு மாதிரி புரியும்.

இதை எடுத்தவர் ஹாலிவுட்காரர் அல்லர். கேன்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், சென்ட்ரான் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்க் ஹார்வி. பள்ளிகளுக்கான பாடப்படங்கள், தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புப் படங்கள், இவைதாம் அவருடைய அன்றாடப் பணி. வாழ்நாளில் ஏறத்தாழ 400 படங்கள் அப்படி எடுத்தார். கலிஃபோர்னியாவில் ஒரு வேலையை முடித்துவிட்டுக் காரில் திரும்பும் வழியில், யூட்டாவின் உப்பு ஏரிக் கரையில் பாழடைந்து நின்ற மாபெரும் கட்டடம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பெயர் சால்ட்டேர். ஒரு காலத்தில் ரயிலேறி வந்து மக்கள் நடனமாடிக் களித்த கேளிக்கைக்கூடம். 1893இல் கட்டியது 1925இல் எரிந்து, மறுபடியும் எழும்பி, ஏரி நீர் பின்வாங்கிய பிறகு 1958இல் மூடப்பட்டுவிட்டது. ஆளரவமற்ற அந்த மண்டபத்தில் இறந்தவர்கள் நடனமாடினால் எப்படி இருக்கும்? ஊர் திரும்பியதும், உடன் வேலை செய்த ஜான் கிளிஃபோர்டைக் கதை எழுதச் சொன்னார்.

உள்ளூர் வணிகர்களிடம் பணம் திரட்டினார்கள். மொத்தச் செலவு சுமார் 33,000 டாலர். ‘சைக்கோ’வின் செலவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அலுவலகத்தில் மூன்று வார விடுப்பு எடுத்துக்கொண்டு படப்பிடிப்பை முடித்தார் ஹார்வி. நாயகி கேண்டஸ் ஹில்லிகாஸ் நியூயார்க்கில் நடிப்புப் பயின்றவர்; மற்றவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்வாசிகள். வெளிறிய மனிதனாக, முகத்தில் வெள்ளைப் பூச்சுப் பூசிக்கொண்டு வந்தவர் இயக்குநரே. லாரன்ஸில் இருந்த உண்மையான ஆர்கன் தொழிற்சாலையிலும் காட்சி எடுத்தார்கள். ஓடும் காருக்குள் மின்கலத்தால் இயங்கும் கைக்கேமராவை வைத்துப் படம்பிடித்தார்கள். அக்காலத்தில் ஹாலிவுட்டில் காரை நிற்கவைத்துப் பின்னால் திரையில் சாலையை ஓடவிடுவார்கள். ஹார்விக்கு அதற்கு வசதியில்லை. அதனால்தான் அந்தக் காட்சிகள் இன்றும் உண்மை போல இருக்கின்றன.

1962 செப்டம்பரில் லாரன்ஸில் முதல் காட்சி. விநியோகித்த ஹெர்ட்ஸ்-லயன் நிறுவனம் சில நிமிடங்களை வெட்டி, வேறொரு படத்தோடு சேர்த்து இரட்டைக் காட்சியாக ஓட்டியது. பிறகு அந்த நிறுவனமே நொடித்துப்போனது. படம் எடுத்தவர்கள் கையில் லாபம் என்று எதுவும் வந்து சேரவில்லை. ஹார்வி பாடப்படங்களுக்கே திரும்பிப் போனார். இன்னொரு கதைப்படம் அவர் எடுக்கவே இல்லை.

விடுபட்ட ஒரு வரி

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு படத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால், அதன் பிரதியிலேயே உரிமைக்குறி, ஆண்டு, உரிமையாளர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ பிரதிகளில் அந்த வரி இல்லை. வரி இல்லையென்றால் உரிமையும் இல்லை. படம் ஊர்ப்பொதுச் சொத்து. 1968இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்துக்கும் இதே கதிதான்; கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது உரிமை வரியைச் சேர்க்க விட்டுவிட்டார்கள்.

படம் எடுத்தவருக்கு இது பேரிழப்பு. படத்துக்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. நள்ளிரவு நேரத்தை நிரப்ப அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு மலிவான படங்கள் தேவைப்பட்டன. பெற்றோர் உறங்கிய பிறகு ஒலியைக் குறைத்துவைத்துப் பார்த்த பிள்ளைகளின் மனத்தில் அந்த வெளிறிய முகம் பதிந்துவிட்டது. பெயர்கூடத் தெரியாமல், ஆளில்லாத கூடத்தில் நடனம் ஆடுவார்களே, அந்தப் படம் என்று தேட ஆரம்பித்தார்கள். சேகரிப்பாளர்கள் பிறந்தது இப்படித்தான்.

அப்படிப்பட்டவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் மைக்கேல் வெல்டன். 1980இல் நியூயார்க்கில், அந்த வாரம் தொலைக்காட்சியில் வரும் விநோதப் படங்களின் பட்டியலைக் கையால் எழுதி, நகலெடுத்து, வார இதழாக வெளியிட்டார். 1983இல் அது தலையணை கனத்துக்கு ஒரு கலைக்களஞ்சியமாக வந்தது. ‘சைக்கோட்ரானிக்’ என்று இந்தப் படங்களுக்கு அவர் சூட்டிய பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. விமர்சகர்கள் ஒரு வரி எழுதவும் கூசிய படங்களுக்கு அவர் ஆண்டு, நடிகர், கதை எல்லாம் எழுதிவைத்தார்.

நிலையங்கள் ஒளிநாடாவுக்கு மாறியபோது பழைய 16 மில்லிமீட்டர் சுருள்கள் குப்பைக்குப் போயின. அவற்றைப் பொறுக்கியவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. திருடர்கள் என்றவர்களும் உண்டு. 1974 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டரசு புலனாய்வுத் துறை, ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ நடிகர் ரோடி மெக்டவலின் வீட்டைச் சோதனையிட்டு, அவர் சேர்த்துவைத்திருந்த சுருள்களையும் ஒளிநாடாக்களையும் அள்ளிக்கொண்டு போனது. பெயர்பெற்ற நடிகருக்கே அந்த நிலை என்றால், மாதச் சம்பளத்தில் பாதியைச் சுருள்களில் கொட்டிய சாமானியர் எப்படி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்?

1990இல் சியாட்டலில் மைக் வ்ரேனி என்பவர் ‘சம்திங் வியர்ட்’ என்ற வீடியோ நிறுவனத்தைத் தொடங்கினார். கிடங்குகளிலும் பழைய விநியோகஸ்தர்களிடமும் தேங்கிக்கிடந்த படங்களைத் தேடிப்பிடித்து நாடாவில் பதித்து விற்றார். அவருடைய பட்டியலில் பலவற்றைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனாலும் அவர் இல்லையென்றால் அவை பெயர்களாக மட்டுமே இருந்திருக்கும். 2014இல் அவர் மறைந்தார். டெக்சஸின் ஆஸ்டின் நகரில் 2009இல் தொடங்கப்பட்ட லாப நோக்கற்ற காப்பகம் ஒன்று இப்போது அந்தச் சேகரிப்பிலிருந்து படங்களை எடுத்து மின்னிலக்கமாக்கி வருகிறது.

காலத்தோடும் ஓட வேண்டியிருக்கிறது. அக்காலப் படச்சுருளின் அடிப்பொருளான அசிட்டேட் சிதையத் தொடங்கினால் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வரும். சுருள் சுருங்கும், வளையும், பிறகு ஓட்டவே முடியாது. பக்கத்தில் இருக்கும் சுருளுக்கும் அது பரவும். வெப்பமும் ஈரமும் கூடினால் வேகமும் கூடும். நம் ஊர்த் தட்பவெப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

லெஸ்லி ஸ்டீவன்ஸ் என்ற இயக்குநரின் கதை இன்னும் விநோதம். 1960இல் அவர் எடுத்த ‘பிரைவேட் பிராபர்ட்டி’, பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒளிந்திருந்து கவனிக்கும் இரண்டு ஆண்களைப் பற்றிய மனவியல் படம். தணிக்கை முத்திரை மறுக்கப்பட்டது. பிறகு படமே காணாமல் போனது; பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகக் காப்பகம் புதுப்பித்ததை 2016இல் மீண்டும் வெளியிட்டார்கள். 1966இல் அவர் எடுத்த ‘இன்க்யுபஸ்’ முழுக்க முழுக்க எஸ்பெராண்டோ மொழியில் பேசும் படம். அதுவும் தொலைந்தது! 1996இல் பாரிஸ் திரைப்படக் காப்பகத்தில் ஒரே ஒரு பிரதி அகப்பட்டது. அதில் பிரெஞ்சு வசனம் படத்தோடு பதிந்திருந்ததால், அதன்மேல் கறுப்புப் பட்டை போட்டு ஆங்கில வசனத்தை எழுதி வட்டாக வெளியிட்டார்கள்.

நம் ஊரில் தொலைந்தது

அமெரிக்காவை விட்டு ஒரு நிமிடம் சிங்கப்பூருக்கு வருகிறேன். காரணம் இருக்கிறது. 1957இல் இங்கே கேத்தே-கெரிஸ் எடுத்த ‘பொந்தியானாக்’ மலாய்ப் படத்தின் பெயரைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கி, மரியா மெனாடோ நடித்த படம். கேத்தே அரங்கில் ஏறத்தாழ மூன்று மாதம் ஓடியது. இன்று அதில் ஒரு பிரதிகூட இல்லை. அதன் தயாரிப்பாளர் ஹோ ஆ லோக், தம்மிடமிருந்த சுருள்களைத் தாமே ஈயச் சுரங்கக் குட்டையில் வீசிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அதே ஆண்டு வந்த இரண்டாம் பாகமும் இல்லை. கேத்தே-கெரிஸின் எஞ்சிய மலாய்ப் படங்கள் 91, ஆசியத் திரைப்படக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார நினைவுப் பதிவேட்டிலும் அவை இடம்பெற்றன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் வெற்றிகரமாக ஓடிய படம், உரிமையாளர் கையில் பத்திரமாக இருந்த படம், அழிந்தது. கேன்சஸில் தோற்ற படம், உரிமையாளரே இல்லாத படம், யார் யாரோ நகலெடுத்ததால் பிழைத்தது.

ஈசூனில் என் பெரியப்பா இருக்கிறார். அவருடைய நாலறை வீட்டில் ஓர் அறையின் ஒரு சுவர் முழுவதும் வீடியோ கேசட்டுகள். எண்பதுகளின் தமிழ்ப் படங்கள், தொலைக்காட்சியில் வந்தபோது பதிவுசெய்த உள்ளூர் நாடகங்கள், தீபாவளிக் கலைநிகழ்ச்சிகள். அட்டைகளில் மறைந்த பெரியம்மாவின் கையெழுத்தில் தேதி. சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்துவிட்டது. சிறிய வீட்டுக்கு மாறப்போகிறார்கள்; எல்லாவற்றையும் வீசிவிடலாம் என்கிறார்கள் பிள்ளைகள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஓட்டிப் பார்க்க வீட்டில் கருவியே இல்லை.

“இதையெல்லாம் இனி யார் பெரியப்பா பார்க்கப் போறாங்க?” என்று நானும் கேட்டேன்.

“பாக்குறதுக்கா வச்சிருக்கேன்? இருக்கணும்னு வச்சிருக்கேன்” என்றார்.

அந்த நாடகங்கள் வேறெங்காவது நல்ல நிலையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தெரியும்வரை வீச வேண்டாம் என்று சொல்லி, பெட்டி பெட்டியாக என் வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். என் மனைவியின் கருத்தை இங்கே எழுத இடமில்லை.

சேகரிப்பாளர்களைப் புகழும்போது ஒரு முள்ளும் உறுத்துகிறது. ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ படத்தை நாடாவிலும் வட்டிலும் போட்டு விற்றவர்கள் எத்தனையோ பேர். பொதுச் சொத்து என்பதால் ஹார்விக்கு ஒரு காசு கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. வணிகர்களிடம் கைநீட்டி, விடுப்பெடுத்து, தன் முகத்திலேயே சாயம் பூசிக்கொண்டு நடித்த மனிதருக்கு அது நியாயமா? உரிமை வரி இருந்திருந்தால் அவருக்குப் பணம் கிடைத்திருக்குமா, அல்லது நொடித்த நிறுவனத்தின் கிடங்கிலேயே படமும் மட்கியிருக்குமா? இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனாலும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நகலெடுப்பவர்கள் எல்லாரையும் புண்ணியவான்கள் ஆக்க எனக்கு மனம் வரவில்லை. கெட்டுப்போன பிரதியைத் துடைக்காமல், வெட்டுப்பட்ட நிமிடங்களைத் தேடாமல், அட்டையில் கவர்ச்சிப் படம் போட்டு விற்றவர் வியாபாரி. தொலைந்த ஐந்து நிமிடங்களுக்காக ஐந்து ஆண்டு அலைபவரே சேகரிப்பாளர்.

ஹார்வி ஓரளவு கொடுத்துவைத்தவர். 1989இல் படம் திரையரங்குகளுக்குத் திரும்பியது. தாம் 27 ஆண்டுகளுக்கு முன் தோற்றதாக நினைத்த படத்துக்கு ரசிகர்கள் இருப்பதை அவர் கண்ணால் கண்டார். ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எடுத்த ஜார்ஜ் ரொமேரோ, தமக்கு வழிகாட்டிய படங்களில் ஒன்றாக இதைச் சொல்லியிருக்கிறார். 1996இல் ஹார்வி காலமானார். 2000இல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட வட்டில், வெட்டப்பட்ட நிமிடங்கள் சேர்ந்த பதிப்பும் இருந்தது. சென்ட்ரானின் பாடப்படப் பகுதிகளும் இருந்தன. 2016இல் இன்னும் தெளிவான பதிப்பு வந்தது. சால்ட்டேர் மண்டபம் 1970இல் தீக்கிரையாகிவிட்டது. அதன் நடனக்கூடத்தையும் மரத்தூண்களையும் பார்க்க வேண்டுமானால் இந்தப் படத்தில்தான் பார்க்கலாம்.

பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பொதுச் சொத்து என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் முதலில் கண்ணில் படும் பிரதியை ஓட்டிவிடாதீர்கள். பல பிரதிகள் மங்கலானவை. சிலர் வண்ணம் பூசியும் கெடுத்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் தெளிவாக உள்ளதைத் தேடுங்கள். ரத்தம் இல்லை, ஆபாசம் இல்லை. ஆயினும் சிறு பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டுப் பாருங்கள். கைப்பேசியைத் தள்ளி வையுங்கள், ஏனென்றால் ஓசை அடங்கும் காட்சிகளில் ஒரு குறுஞ்செய்தி மணி அடித்தாலும் போச்சு. அரை மணி நேரத்துக்குள் உங்களில் சிலருக்கு முடிவு பிடிபட்டுவிடும். தெரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள்.